போர்க்கதை எழுதப் புறப்படுகிறவருக்கு: வேலூர் 1806-ஐ வைத்து ஓர் அறிமுகம்

1806 ஜூலை 10, வியாழக்கிழமை. விடிய இன்னும் சில மணி நேரம் இருந்தபோது வேலூர்க் கோட்டைக்குள் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் தங்கள் வெள்ளை அதிகாரிகள் மீது திரும்பினார்கள். கோட்டைத் தலைவர் கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். பாசறையில் தூங்கிக்கொண்டிருந்த 69ஆம் படைப்பிரிவின் ஐரோப்பிய வீரர்கள் படுக்கையிலேயே சுடப்பட்டார்கள். கொடிமரத்தில் மைசூர்க் கொடி ஏறியது. அன்று முற்பகலிலேயே ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லஸ்பி கொண்டுவந்த குதிரைப்படை கோட்டையைத் திரும்பப் பிடித்துவிட்டது. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள்.

இவ்வளவும் வரலாறு. இந்த ஒரு இரவை நாவலாக எழுத வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்தால் அவர் செய்ய வேண்டிய வேலை என்ன? போர்களைப் பற்றிய வரலாற்றுப் புனைவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். பொதுப்படையாகப் பேசினால் எதுவும் கையில் நிற்காது என்பதால் வேலூரை விட்டு அதிகம் நகரப்போவதில்லை.

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எவ்வளவு உண்மை இருக்கணும், எவ்வளவு கற்பனை செய்யலாம்?" என்று. சதவீதக் கணக்கில் இதற்குப் பதில் கிடையாது. நடந்தது என்று பதிவாகியிருப்பதை மாற்றாமல், பதிவாகாமல் போன இடங்களில் நடந்திருக்கக்கூடிய வாழ்க்கையை வைப்பது வரலாற்றுப் புனைவு. வரையறை அவ்வளவுதான். ஆனால் போர் என்று வரும்போது இதற்கு மேல் ஒரு நிபந்தனை சேர்கிறது, அதுதான் இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த வருவது: களத்தில் நிற்கிற ஆளுக்கு அந்த நேரத்தில் என்ன தெரியுமோ அதற்குள் நின்று எழுத வேண்டும். நமக்கு முடிவு தெரியும். அவனுக்குத் தெரியாது. போரில் மனிதன் எடுக்கும் முடிவுகள் எல்லாமே அரைகுறைத் தகவலை வைத்து எடுக்கப்பட்டவை. அந்த அரைகுறையை எழுத்தில் கொண்டுவராவிட்டால் போர் வெறும் வரைபடமாகிவிடும்.

வேலூரைப் பற்றி இன்று யார் பேசினாலும் 1857க்கு அரை நூற்றாண்டு முன்பே நடந்த எழுச்சி என்று தொடங்குவார்கள். உண்மைதான். ஆனால் 1806இல் துப்பாக்கி தூக்கியவனுக்கு 1857 என்று ஒன்று வரப்போவது தெரியாது. அவன் தன்னை எதற்கும் முன்னோடி என்று நினைத்திருக்க முடியாது. அவனுக்குத் தெரிந்தது என்ன? முந்தைய ஆண்டு நவம்பரில் வந்த உத்தரவு தெரியும். அணிவகுப்பில் நெற்றியில் திருநீறோ நாமமோ இருக்கக் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும். பழைய தலைப்பாகைக்குப் பதிலாகத் தொப்பியைப் போன்ற புதுத் தலைப்பாகை, அதில் தோலால் செய்த ஒரு குஞ்சம். அந்தத் தோல் மாட்டுத் தோலா, பன்றித் தோலா என்ற பேச்சு. தொப்பி போட்டவன் கிறிஸ்தவன் ஆகிவிடுவான் என்ற அச்சம். மே மாதத்தில் இதே வேலூரில் புதுத் தலைப்பாகையை மறுத்தவர்களைப் பிடித்துச் சென்னைக்கு அனுப்பியதும், அங்கே இருவர் கசையடி வாங்கிப் பட்டாளத்தை விட்டுத் துரத்தப்பட்டதும் அவன் காதுக்கு வந்திருக்கும். சம்பளம் மாதம் 7 ரூபாய் என்று தெரியும். கோட்டைக்குள் இருக்கும் மாளிகையில் திப்பு சுல்தானின் பிள்ளைகள் காவலில் இருப்பதும், 9ஆம் தேதி அங்கே திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம் என்பதும் தெரியும்.

இவ்வளவுதான் அவனுடைய உலகம். இதற்குள்ளிருந்து ஒருவன் தன் அதிகாரியைக் கொல்லத் துணிகிறான் என்பதை வாசகருக்குப் புரியவைப்பதுதான் நாவலின் வேலை. "அந்நிய ஆதிக்கத்தை வேரறுப்போம், தாய்நாட்டின் விலங்கை உடைப்போம்" என்று அவனைப் பேசவிட்டால் அந்த இடத்திலேயே அவன் செத்துவிடுவான். "அந்தத் தோலத் தலையில வச்சுக்கிட்டு எங்க அம்மா முன்னால எப்படிடா போய் நிப்பேன்?" என்று கேட்டால் உயிரோடிருப்பான்.

இன்னொரு சிக்கலும் இங்கே ஒளிந்திருக்கிறது. திப்பு இறந்தது 1799 மே 4. ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் திப்புவுக்கு எதிராக நின்ற கம்பெனிப் படையில் சென்னை மாகாணச் சிப்பாய்களும் இருந்தார்கள். ஏழே ஆண்டு கழித்து வேலூரில் சிப்பாய்கள் ஏற்றியது திப்புவின் கொடி. முப்பது வயதுச் சிப்பாய் ஒருவனைக் கதைக்குள் வைத்தால், அவன் இருபத்து மூன்று வயதில் சுட்டுத் தள்ளிய கொடிக்கு இப்போது கீழே நிற்கிறான். இதை அவன் எப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பான்? ஆவணங்களில் இதற்குப் பதில் இல்லை. நாவலாசிரியர் கால் வைக்க வேண்டிய இடம் இதுதான்.

வதந்தியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். போர்க்கதை எழுதுகிறவர்கள் வதந்தியைப் பொய் என்று தள்ளிவிட்டு உண்மையான காரணத்தைத் தேடப் போகிறார்கள். களத்தில் இருப்பவனுக்கு வதந்திதான் செய்தி. அந்தக் காலத்தில் புதிதாகக் காய்ச்சிய உப்பில் பன்றி ரத்தமும் மாட்டு ரத்தமும் தெளிக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பேச்சு தென்னாட்டில் உலவியது பதிவாகியிருக்கிறது. இப்போது அது அபத்தமாகத் தெரியலாம். கஞ்சியில் போடும் உப்பைப் பார்த்து ஒருவன் தயங்குகிற காட்சியை எழுதிப் பாருங்கள், அவன் பயத்தின் அளவு புரியும்.

இனி முஸ்தபா பேக். வேலூர்க் கதையில் எனக்கு மிகவும் பிடித்தமான ஆள் இவர்தான், கில்லஸ்பி அல்ல. முஸ்தபா பேக் ஒரு சாதாரணச் சிப்பாய். ஜூன் மாதத்திலேயே, கலகம் நடக்கப்போகிறது என்று தன் ஐரோப்பிய மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். அதிகாரி என்ன செய்தார்? அதை விசாரிக்கும்படி அதே படையின் இந்திய அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். அவர்களில் சிலரே திட்டத்தில் இருந்தவர்கள். இந்த ஆளுக்குப் புத்தி சரியில்லை, சொல்வதெல்லாம் பொய் என்று அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். முஸ்தபா பேக்குக்கு விலங்கு போட்டு அடைத்தார்கள். கலகம் முடிந்த பிறகு கம்பெனி அவரை விடுவித்துப் பரிசும் ஓய்வூதியமும் கொடுத்தது.

இதை எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம். தன் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தவர் என்று ஒரு பார்வை. வரப்போகும் படுகொலையைத் தடுக்க முயன்றவர் என்று இன்னொரு பார்வை. அவர் மனதில் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. பேராசையா, பயமா, உண்ட சோற்றுக்கு விசுவாசமா, யாரோடாவது பகையா? அவரைத் துரோகி என்றோ விசுவாசி என்றோ முதல் பக்கத்திலேயே முத்திரை குத்திவிட்டால் கதை அதோடு முடிந்துவிடும். விலங்கோடு அவர் உட்கார்ந்திருக்கிறார், இரவில் முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. அந்த நேரத்தில், தான் சொன்னது நடந்துவிட்டது என்பது ஒருவருக்கு மட்டும் தெரியும். ஆனால் யார் ஜெயிப்பார்கள் என்று அவருக்கும் தெரியாது. சிப்பாய்கள் ஜெயித்தால் விடிவதற்குள் அவர் கதி முடிந்துவிடும். இவ்வளவு அழுத்தம் உள்ள ஒரு மனிதர் ஆவணத்தில் சில வரிகளாகக் கிடக்கிறார். இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் ஆராய்ச்சி.

இருட்டில் என்ன தெரியும்

"நிலவொளியில் வாள்கள் பளபளத்தன" என்று எழுதுவதற்கு முன் அன்று நிலா இருந்ததா என்று பார்க்க வேண்டும். இது சின்ன வேலைதான், ஆனால் பலர் செய்வதில்லை. எப்படிப் பார்ப்பது? 1806 ஜூன் 16 அன்று வட அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. சூரிய கிரகணம் என்றால் அமாவாசை. அங்கிருந்து இருபத்தொன்பதரை நாள் எண்ணினால் அடுத்த அமாவாசை ஜூலை 15, 16 வாக்கில் வரும். ஜூலை 10 அதிகாலை அதற்கு ஏறக்குறைய ஆறு நாள் முன்னால், தேய்பிறை அஷ்டமி நவமியை ஒட்டிய இரவு. அந்தத் திதிகளில் நிலா நள்ளிரவு தாண்டித்தான் எழும். ஆகவே இரண்டு, மூன்று மணிக்குக் கீழ்வானத்தில் பாதிக்கும் குறைவான நிலா, அதிக உயரம் ஏறாமல் நின்றிருக்கும். கோட்டைச் சுவரின் நிழல் உள்பக்கம் நீளமாக விழுந்திருக்கும். மேகம் இருந்ததா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். நிலா இருந்த இடத்தை முடிவு செய்ய உங்களுக்கு உரிமை இல்லை.

வெளிச்சம் என்றதும் தீக்குச்சி. 1806இல் உரசினால் பற்றும் தீக்குச்சி கிடையாது, அது வந்தது 1820களில். மண்ணெண்ணெய் விளக்கும் இல்லை. எண்ணெய் விளக்கு, தீவட்டி, சக்கிமுக்கிக் கல். விளக்கு அணைந்தால் உடனே ஏற்ற முடியாது. இரவுத் தாக்குதலை எழுதுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். காக்கி உடுப்பு அப்போது வரவில்லை, சிப்பாய் போட்டிருந்தது சிவப்புச் சட்டை. தேநீரும் அவன் வாழ்க்கைக்குள் வரவில்லை. காலையில் அவன் குடித்தது நீராகாரமோ கஞ்சியோதான். அவன் கையில் புரண்டது வராகனும் பணமும் காசும். சென்னை மாகாணத்தில் அப்போது மூன்றரை ரூபாய் ஒரு வராகன், ஆக 7 ரூபாய் சம்பளம் என்பது இரண்டு வராகன்.

துப்பாக்கியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். இன்றைய திரைப்படத் துப்பாக்கியை மனதில் வைத்துக்கொண்டு எழுதுவதால் பல போர்க் காட்சிகள் கெட்டுப்போகின்றன. கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கி வாய் வழியாகக் குண்டு போடும் வகை. தோட்டா என்பது ஒரு காகிதச் சுருள், உள்ளே ஈயக் குண்டும் வெடிமருந்தும். சுருளின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். சிறிதளவு மருந்தைப் பக்கவாட்டில் இருக்கும் சிறு கிண்ணத்தில் கொட்டி மூட வேண்டும். துப்பாக்கியை நிமிர்த்தி மீதி மருந்தைக் குழாய்க்குள் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் உள்ளே தள்ளி, இரும்புக் கோலால் இடித்து இறக்க வேண்டும். கோலை உருவி அதன் இடத்தில் செருக வேண்டும். பிறகு குதிரையை இழுத்து, தூக்கி, சுட வேண்டும். சிக்கிமுக்கிக் கல் இரும்பில் மோதித் தெறிக்கும் பொறி கிண்ணத்து மருந்தில் விழுந்தால்தான் வெடிக்கும், விழாமல் போவதும் உண்டு. நன்றாகப் பழகியவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான், அதுவும் பகலில், கவாத்து மைதானத்தில். நூறு கெஜத்துக்கு அப்பால் ஒரு ஆளைக் குறிவைத்து அடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான்.

இதிலிருந்து கதைக்கு என்ன கிடைக்கிறது? கடித்த மருந்தின் உப்புக் கரிப்பு வாயில் தங்கும், தாகம் எடுக்கும், உதடு கறுக்கும். இரண்டு மூன்று வரிசை சுட்டதுமே எதிரே வெண்புகைச் சுவர் எழும்பி யார் விழுந்தார்கள் என்று தெரியாமல் போகும். ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவே இருபது விநாடி ஒருவன் ஆயுதமில்லாத மனிதன். அந்த இருபது விநாடியில் அவன் என்ன நினைத்தான் என்பதை எழுதினால் போர்க்காட்சிக்கு வேறு அலங்காரம் தேவையில்லை. வேலூரில் இதற்கு மேலும் ஒன்று இருந்தது: தப்பிப் பிழைத்த 69ஆம் படைப்பிரிவினர் மதில் மேல் ஏறி நின்று சண்டையிட்டார்கள், கில்லஸ்பி வந்து சேர்ந்தபோது அவர்களிடம் தோட்டா தீர்ந்திருந்தது.

இருபத்தைந்து கிலோமீட்டர்

வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் இடையே சுமார் 25 கிலோமீட்டர். கலகத்தின் தலைவிதியைத் தீர்மானித்தது இந்தத் தூரம்தான் என்பது என் எண்ணம். கோட்டைக்கு வெளியே இருந்த மேஜர் கோட்ஸ் வெடிச்சத்தம் கேட்டதும் ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். குதிரையில் ஒருவர் அங்கே போய்ச் சேர வேண்டும், பட்டாளம் சேணம் கட்டிக் கிளம்ப வேண்டும், அதே தூரம் திரும்பி வர வேண்டும். கில்லஸ்பி செய்தி கிடைத்த கால் மணி நேரத்துக்குள் கிளம்பிவிட்டார், சிறு குழு ஒன்றுடன் முன்னால் விரைந்தார், பீரங்கிகள் பின்னால் வந்தன. மதிலிலிருந்து இறக்கிய கயிற்றைப் பிடித்து மேலே ஏறினார். பீரங்கியால் கதவை உடைத்ததும் குதிரைப்படை உள்ளே பாய்ந்தது.

இந்த நேரக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மணிக்கு எந்தச் செய்தி எந்த ஊரில் இருந்தது என்ற கணக்கு. போர் நாவலில் மிகப் பெரிய தவறுகள் இதில்தான் நடக்கின்றன. தளபதி சென்னையில் இருந்துகொண்டு வேலூரில் நடப்பதை உடனே அறிந்து பற்களைக் கடிப்பார். முடியாது. அன்று காலை முழுவதும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்குக்கும் படைத்தளபதி கிராடக்குக்கும் ஒன்றும் தெரியாது. கோட்டைக்குள் இருந்த சிப்பாய்களுக்கும் ஆற்காட்டுக்குச் செய்தி போய்விட்டது தெரியாது. வெற்றி கிடைத்துவிட்டது என்று நினைத்துப் பலர் கொள்ளையில் இறங்கினார்கள், மூட்டையோடு வெளியேறினார்கள். முடிவு தெரிந்த நமக்கு அது முட்டாள்தனமாகத் தெரிகிறது. அவர்கள் இடத்தில் நின்று பார்த்தால், ஐந்து மணிக்குக் கோட்டை அவர்களுடையதுதான்.

யார் கண் வழியாக

ஃபேன்கோர்ட்டின் மனைவி அமீலியா உயிர் தப்பினார், பிள்ளைகளும் தப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து அந்த இரவைப் பற்றி எழுதிவைத்தார். கலகம் வெடித்த நேரத்தை நேரில் கண்ட ஒருவரின் எழுத்தாக நமக்குக் கிடைப்பது அது ஒன்றுதான். ஒரு வீட்டுக்குள் பிள்ளைகளோடு ஒளிந்திருக்கும் பெண்ணுக்குப் போர் என்பது பெரும்பாலும் ஓசை. எங்கோ ஓடும் கால்கள், கதவு உடைபடும் சத்தம், கணவன் வெளியே போனவர் திரும்பாத நேரம்.

சிப்பாய்களிடமிருந்து இதுபோல் ஒரு எழுத்தும் இல்லை. அவர்கள் குரல் கேட்பதெல்லாம் விசாரணைக் குழுவின் முன் கொடுத்த வாக்குமூலங்களில். உயிருக்குப் பயந்து, தண்டிக்கப் போகிறவர்களின் முன்னால் நின்று சொன்னவை, அவர்கள் பேசிய மொழியில் அல்லாமல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அதை அப்படியே நம்பவும் முடியாது, தூக்கி எறியவும் முடியாது. ஒவ்வொரு வாக்குமூலத்தையும் படிக்கும்போது, இவன் யாரைக் காப்பாற்ற இதைச் சொல்கிறான் என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும். இந்தக் காலத்துக் கம்பெனி அரசின் ஆவணங்களை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம். பழைய ஆங்கிலக் கையெழுத்து ஆரம்பத்தில் கண்ணைக் கட்டும். சில நாள் உட்கார்ந்தால் பழகிவிடும்.

எழுதாமல் போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிப்பாய்கள் வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே குடிசைகளில் குடும்பத்தோடு இருந்தவர்கள். மறுநாள் விடியலில் கவாத்து என்பதால் அன்றிரவு மட்டும் பெரும்பாலோர் கோட்டைக்குள் தங்க வைக்கப்பட்டார்கள். ஆக வெளியே மனைவிகள், பிள்ளைகள், கிழவிகள். அவர்களுக்கும் சத்தம் கேட்டிருக்கும், அகழிக்கு இந்தப் பக்கம் நின்றபடி. அவர்களைப் பற்றி ஆவணங்கள் அநேகமாகப் பேசுவதே இல்லை. புதிதாக எழுத வருகிறவருக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது இந்தப் பக்கத்தைத்தான். தளபதியின் கண்ணைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் தெரிந்தவராக எழுதும் ஆசை வந்துவிடும், அதைக் கட்டுப்படுத்த அனுபவம் வேண்டும்.

இரண்டு சுவர்கள்

கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். 14 அதிகாரிகளும் 69ஆம் படைப்பிரிவினர் 115 பேரும் கொல்லப்பட்டார்கள் என்பது நூல்களில் பொதுவாகக் காணும் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் தூக்கத்தில் செத்தவர்கள். மருத்துவமனையில் நோயாளிகளாகக் கிடந்தவர்களும் தப்பவில்லை. கோட்டை மீட்கப்பட்ட பிறகு, மாளிகையில் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து, கில்லஸ்பியின் உத்தரவின்படி ஒரு சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். கோட்டைக் கதவை உடைப்பதில் பங்கெடுத்த பிளேக்கிஸ்டன் என்ற அதிகாரி இதைத் தானே எழுதிவைத்திருக்கிறார். பின்னர் விசாரணை நடந்து ஆறு பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டார்கள், ஐந்து பேர் சுடப்பட்டார்கள், எட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள், ஐந்து பேர் நாடு கடத்தப்பட்டார்கள். கலகத்தில் இறங்கிய மூன்று சிப்பாய்ப் படைப்பிரிவுகளும் கலைக்கப்பட்டன. திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. தலைப்பாகை உத்தரவுக்குப் பொறுப்பான கிராடக்கும் பெண்டிங்கும் மறு ஆண்டு திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

நம் பக்கத்து எழுத்தாளர்கள் தூங்கியவர்களைச் சுட்டதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். அந்தப் பக்கத்துப் பழைய நூல்கள் சுவரோரம் நிறுத்திச் சுட்டதை நியாயமான தண்டனை என்று கடந்துவிட்டன. வரலாற்றுப் புனைவு எழுதுகிறவருக்கு இந்த இரண்டில் எதையும் கடக்க அனுமதி இல்லை என்று நான் நம்புகிறேன். சிப்பாய்களின் கோபம் நியாயமானது. அதே கோபம் காய்ச்சலில் படுத்திருந்தவனைக் கொன்றது. இரண்டையும் ஒரே புத்தகத்தில், ஒரே அழுத்தத்தோடு வைத்தால் வாசகர் யார் பக்கம் நிற்பது என்று தடுமாறுவார். தடுமாறட்டும். அங்கே இருந்த சில சிப்பாய்களும் தடுமாறியிருப்பார்கள். எல்லாரும் சுட்டிருக்க மாட்டார்கள், ஒருவனாவது துப்பாக்கியை வானத்தைப் பார்த்துத் திருப்பியிருப்பான். அவனை எழுத யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

எண்களிலும் கவனம் வேண்டும். மே மாதத்தில் அந்த இருவருக்கும் கொடுத்த கசையடி சில நூல்களில் 90, சிலவற்றில் 900. மாண்ட சிப்பாய்கள் 350 என்று ஒரு கணக்கு, 800 என்று இன்னொன்று. நாவலில் எந்தக் கணக்கைப் போடுவது? சிப்பாயின் காதுக்கு எந்த எண் வந்து சேர்ந்திருக்கும் என்று பாருங்கள். பேச்சு வழியே வரும் எண் பெரும்பாலும் பெருகித்தான் வரும். ஒரு சிப்பாய் தொள்ளாயிரம் என்கிறான், இன்னொருவன் ஆயிரம் என்கிறான். வரலாற்றாசிரியருக்குத் தலைவலியாக இருப்பது நமக்கு உரையாடலாக மாறுகிறது.

பேச்சு மொழியைப் பற்றிப் புதியவர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். இருநூறு ஆண்டுக்கு முந்தைய தமிழை அப்படியே எழுதத் தேவையில்லை, மேடைத் தமிழும் வேண்டாம். அன்றைக்கு இல்லாத எண்ணங்களை வாயில் திணிக்காமல் இருந்தால் போதும். சுபேதார், ஜமேதார், ஹவில்தார், பாரா, கவாத்து, பட்டாளம், துரை, கம்பெனி என்ற சொற்களே காலத்தைப் பாதி காட்டிவிடும்.

இன்னும் பழைய போர்களை எழுத நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலம் பின்னே போகப் போக ஆவணம் மெலிந்து, கற்பனைக்கு இடம் அகலும். முதலாம் ராஜேந்திரன் கடாரத்தின் மீது படையெடுத்ததை அவன் மெய்க்கீர்த்தி "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று சொல்லி, வென்ற ஊர்களை வரிசையாக அடுக்குகிறது. அந்தக் கலங்களில் துடுப்புப் போட்டவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. சாதாரண வீரனின் பெயர் வேண்டுமென்றால் செங்கம் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். மாட்டு மந்தையைக் கவரும் சண்டையில் செத்தவர்களின் பெயரும், எந்தப் பல்லவ மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதும் கல்லில் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களை எழுதுகிறவர்களுக்கோ பெரிய கொடுப்பினை: 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு தமிழிலேயே இருக்கிறது. போர் நடக்கும்போது ஊருக்குள் இருப்பவனுக்குச் செய்தி எப்படி வருகிறது, எப்படிப் பொய்யாகிறது என்பதைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

உண்மையில் வாழ்ந்தவர்களைக் கதாபாத்திரமாக்கும்போது நான் கடைப்பிடிக்கும் எல்லை ஒன்று உண்டு. பதிவில் இல்லாத கொலையையோ துரோகத்தையோ பெயர் தெரிந்த ஒருவர் தலையில் கட்ட மாட்டேன். அப்படி ஒரு செயல் கதைக்குத் தேவைப்பட்டால் அதைச் செய்ய ஒரு கற்பனை ஆளை உருவாக்கிக்கொள்வேன். நாவலின் கடைசியில் எதெல்லாம் பதிவில் உள்ளது, எதெல்லாம் என் கற்பனை என்று ஒரு பக்கம் குறிப்பு கொடுத்துவிடுவதும் நல்லது. செத்தவர்கள் வந்து மறுக்க முடியாது, வாசகராவது தெரிந்துகொள்ளட்டும்.

எழுதிப் பார்க்க விரும்புகிறவர்கள் நாவலில் தொடங்க வேண்டாம், ஒரு பக்கத்தில் தொடங்குங்கள். கோட்டைக்கு வெளியே, குடிசையில், ஒரு சிப்பாயின் மனைவி. இரவு மூன்று மணிக்கு முன்னால் சத்தம் கேட்டு எழுகிறாள். கணவன் உள்ளே. அவளுக்குக் கலகம் என்று தெரியாது, வெளியே வந்தால் பாதி நிலா, அகழித் தண்ணீர், மதில். பக்கத்து வீட்டுக்காரி ஏதோ சொல்கிறாள். விடியும் வரை மட்டும் எழுதுங்கள், கில்லஸ்பி வர வேண்டாம். முடித்ததும் சிவப்பு மையால், அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லாத ஒவ்வொரு தகவலின் அடியிலும் கோடு போடுங்கள். எத்தனை பேர் செத்தார்கள், யார் திட்டம் போட்டார்கள், சத்தம் எந்தத் துப்பாக்கியுடையது என்பதெல்லாம் அதில் வரும். கோடு போட்டவற்றை எடுத்துவிட்டு மீதியை மறுபடி எழுதுங்கள். முடிந்தால் ஒருமுறை வேலூருக்குப் போய்க் கோட்டையைச் சுற்றி அகழிக்கரையில் நடந்து, அங்கிருந்து பேச்சுக்குரல் உள்ளே கேட்குமா, வெடிச்சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தை மூன்றாம் முறை எழுதுங்கள்.